மாப்பிள்ளை கேட்ட பேட்டரி

வாங்க மாப்பிள்ளே, திண்ணையில உக்காருங்க. "மாமா, கடையில இருக்கிறதுலயே பெரிய பேட்டரி எதுவோ அதைப் போட்டுடலாம்"னு போன்ல சொன்னீங்களே, அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே பெருமை. இருக்கிறதுலயே பெரிசுன்னா லாரிக்குப் போடறதுதான். 180 ஏ.எச்., அதாவது ஆம்பியர்-அவர், ரெண்டு ஆள் சேந்து தூக்கணும். உங்க பானெட்டுக்குள்ள அது போகாது. போகலைன்னா இன்னா, பின் சீட்டுல பெல்ட்டு போட்டு உக்கார வெச்சுடலாம். பேரப்பய அது மேல உக்காந்துக்கட்டும்.

நீங்க சிறுசேரியில குளுகுளு ஆபீசுல உக்காந்துக்கினு, அமெரிக்காவுல ஒருத்தன் கம்ப்யூட்டர் ஏன் நின்னுச்சுன்னு இங்கேர்ந்தே கண்டுபுடிக்கிறவரு. நான் மணிமங்கலம் ஏரித் தண்ணியில நெல்லு போட்டு, அப்பால டிராக்டர் ஓட்டி, அப்பால தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல அம்பாசிடர் டாக்சி ஓட்டி, இப்ப இந்தத் திண்ணையைக் காவல் காக்கிறவன். எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துல ஒண்ணு இன்னான்னா, பேட்டரி செத்துப்போச்சுன்னு புதுசு வாங்கப் போறதுக்கு முன்னாடி அதைக் கொன்னது யாருன்னு பாக்கணும். இல்லைன்னா புதுசையும் அவரே கொன்னுடுவாரு. அவருன்னு மரியாதையாத்தான் சொல்றேன், கவனிச்சுக்குங்க.

வண்டி வந்து மூணு வருஷம் ஆச்சு. கம்பெனிக்காரன் அதுக்குன்னு கணக்குப் போட்டு 35 ஏ.எச். பேட்டரி ஒண்ணு வெச்சுக் குடுத்தான். நீங்க சும்மா இருந்தீங்களா? டிவி அகலத்துக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன். பின்னாடி பாக்க ஒரு கேமரா, முன்னாடி பாக்க ஒரு கேமரா, அது எடுத்த படத்தைப் பாக்க உங்களுக்கு நேரமில்ல. டிக்கியில பொட்டி வைக்க எடமில்லாம ஒரு ஊஃபர், அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். காத்தைச் சுத்தம் பண்ண ஒரு மெசினு, அப்பால கண்ணாடியைத் தொறந்து வெச்சுக்கினு ஓட்டறது. கால் வைக்கிற எடத்துல ஊதா லைட்டு. உங்க காலை ராத்திரியில யாரு பாக்கப் போறாங்க மாப்பிள்ளே?

போன மாசம் வந்தப்போ இன்னொண்ணு கேட்டீங்க, அதுக்கு அப்ப நான் சிரிக்கலை, மரியாதைக்கு. "ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் பேட்டரியை இழுக்குமா மாமா?" இழுக்காது. அந்தச் சீட்டுக்கு ஒயரும் கெடையாது, பேட்டரியும் கெடையாது. பரனூர் டோல்கேட்டுல தலைக்கு மேல ஒரு கருவி இருக்குதில்ல, அது அனுப்புற அலையிலேர்ந்துதான் அதுக்கு அந்த ஒரு நொடி உயிரு. உங்க வண்டியில நீங்க ஒட்டினதுலயே கரண்டு குடிக்காத ஒரே சாமான் அதுதான். அதும் சர்க்கார் கட்டாயப்படுத்தினதால ஒட்டினது.

எங்க அம்பாசிடர்ல பேட்டரிக்கு இருந்த வேலை செல்ஃப் எடுக்கிறது, லைட்டு எரிக்கிறது, ஹாரன் அடிக்கிறது, மழை வந்தா வைப்பரு. பேட்டரி எறங்கிட்டா முன்னாடி இருக்கிற ஓட்டையில இரும்புக் கைப்பிடியை வுட்டு ஒரு சுத்து. மணிக்கட்டு தப்பிச்சா சவாரி. 1912ல கேடிலாக் காருக்குக் கெட்டரிங்குன்னு ஒரு அமெரிக்கரு செல்ஃப் மோட்டார் வெச்சாரு, அதோட அந்தக் கைப்பிடிக்கு மெதுவா ஓய்வு. செல்ஃப் எடுக்கன்னு வந்த பேட்டரி தலையில இப்போ நீங்க ஒரு சினிமாக் கொட்டாயையே ஏத்தி வெச்சிருக்கீங்க. அப்பால காலையில அது முனகுதுன்னா அதும் மேல கோவம்.

ஏரின்னா இன்னான்னு உங்களுக்குச் சொல்லணும். உங்க அப்பார்ட்மெண்டுப் பேருலயே ஏரி இருக்குது, பால்கனியில நின்னு தேடினா கெடைக்காது. கீழ குனிஞ்சு பாருங்க, அது மேலதான் கட்டியிருக்கான். ஏரியில தண்ணி தானா ஊறாது. வரத்துக் கால்வாய்ல வரணும், மதகு வழியா வயலுக்குப் போகணும். உங்க பேட்டரிதான் ஏரி. டைனமோ வரத்துக் கால்வாய். நீங்க ஆல்டர்னேட்டர்னு சொல்லுவீங்க. பாடியில லூகாஸ் டிவிஎஸ்காரங்க 1961ல கடை தொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ப் பசங்களுக்கு அது கைவேலை. நீங்க மாட்டின ஒவ்வொரு சாமானும் ஒரு மதகு. வரத்து அப்பிடியே இருக்குது, மதகு மட்டும் ஏழு எட்டு ஆயிடுச்சு. இப்ப வந்து "மாமா, ஏரியை இன்னும் பெரிசா வெட்டலாமா"ன்னு கேக்கிறீங்க. வெட்டலாம். யாரு ரொப்புறது?

இந்த வரத்துக் கணக்குதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. சாயங்காலம் ஏழு மணி, மழை, பெருங்களத்தூர். சொந்த ஊருக்குப் போறவன் எல்லாம் கெளாம்பாக்கத்துக்குப் பஸ் புடிக்க ஓடறான், நீங்க நடுவுல மாட்டிக்கினு நிக்கிறீங்க. ரெண்டு ஹெட்லைட்டு, 55 வாட்டுன்னு வெச்சுக்குங்க, ஒம்பது ஆம்பியர். வைப்பர் ஒரு நாலு. ஏசி காத்தாடி பத்து. முன்னாடி ரேடியேட்டர் காத்தாடி ஓடுச்சுன்னா இன்னொரு பத்து பன்னெண்டு. இஞ்சினு தனக்குன்னு எடுத்துக்கிறது, பெட்ரோல் பம்பு அது இதுன்னு ஒரு பத்து. கூட்டினா 45. டைனமோ மேல 70 ஆம்பியர்னு எழுதியிருக்கும், ஆனா அது இஞ்சின் வேகமாச் சுத்தறப்போ. சிக்னல்ல உறுமிக்கினு நிக்கிறப்போ அதுல பாதி வந்தாலே பெரிசு. அதாவது நீங்க பாட்டே போடலைன்னாலும் அந்த ஜாமுல பேட்டரி கையிருப்பைத் தின்னுக்கினுதான் நிக்குது. நீங்க பாட்டு போடறீங்க. ஊஃபரோட போடறீங்க.

அந்த ஆம்ப்ளிஃபயர் பொட்டி மேல 1000 வாட்டுன்னு தங்கக் கலர்ல எழுதியிருக்குது, நீங்களும் அதை எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கீங்க. 1000 வாட்டை 12ஆல வகுத்தா 83 ஆம்பியர். உங்க டைனமோவை ரெண்டு கையாலயும் புழிஞ்சாலும் வராது. பொட்டிக்குப் பின்னாடி திருப்பிப் பாருங்க, ஒரு ஃப்யூஸ் சொருகியிருக்கும். நான் பாத்தேன், 25. இருபத்தஞ்சு ஆம்பியருக்கு மேல போனா அறுந்துடும். 12ஆல பெருக்குங்க, 300 வாட்டு. அதும் அது உள்ள இழுக்கிறது, பாதிக்குக் கிட்ட சூடாப் போயிடும். இனிமே எந்த சாமான் வாங்கினாலும் மூஞ்சியைப் பாக்காதீங்க, ஃப்யூஸைப் பாருங்க. எழுதினவன் பொய் சொல்லலாம், ஃப்யூஸ் சொல்லாது.

இதெல்லாம் ஓடறப்போ போற தண்ணி. ஓடாதப்போ கசியறது வேற. போன வாரம் எம் பொண்ணு வண்டியை எடுத்துக்கினு வந்தா இல்ல, நீங்க ஆபீசுல இருந்தீங்க. முடிச்சூர் ரோட்டுல நமக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீசியன் பையனைக் கூப்பிட்டேன். வண்டியைப் பூட்டிட்டு அரை மணி நேரம் தொடாம வுட்டோம். ஒடனே பாத்தா தப்புக் கணக்கு வரும், உள்ள இருக்கிற கம்ப்யூட்டருங்க ஒவ்வொண்ணாத் தூங்கணும். அப்பால கிளாம்ப் மீட்டரை மைனஸ் ஒயர்ல மாட்டினோம். 0.38 ஆம்பியர். வண்டியோட சொந்தச் செலவு, அலாரம், கடிகாரம், சாவியை அடையாளம் பாக்கிற ரிசீவர் எல்லாம் சேந்து 0.03. அது நியாயம். 0.05 வரைக்கும் எந்த வண்டிக்கும் மன்னிக்கலாம். உங்க ஸ்கிரீன், அணைஞ்ச மாதிரி நடிக்கிறதுக்கு 0.05. நீங்க பூட்டிட்டுப் போனாலும் தெருவைப் படம் புடிச்சுக்கினே இருக்கிற அந்தக் கேமரா 0.25. மிச்சம் கணக்குல வராம ஒரு 0.05 நின்னுச்சு. அதை அப்பால சொல்றேன்.

0.38 பாக்க அல்பமாத்தான் இருக்குது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம். பெருக்குங்க, 9 ஏ.எச். தாண்டுது. உங்களுது 35. புதுசா இருந்தப்போ 35, மூணு வருஷத்துக்கப்பால 25 கொண்டாலே அதிகம். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிப் பாலத்து மேல ஊரே காரைக் கொண்டாந்து வரிசையா நிறுத்துச்சே, நீங்களும் நிறுத்தினீங்க. தப்பில்ல. 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கினதைப் பாத்தவன் யாரும் அதைத் தப்புன்னு சொல்லமாட்டான். ஆனா ரெண்டு நாள் கழிச்சுப் போய் செல்ஃப் அடிச்சீங்க, "டிக் டிக்"குன்னுச்சு. தண்ணிக்குத் தப்பிச்ச வண்டி கேமராவுக்குத் தப்பலை. அந்த ரெண்டு நாளும் அது மழையைப் படம் புடிச்சுக்கினு இருந்திருக்குது. பாலத்து மேல நிறுத்தினவரு மைனஸ் ஒயரைக் கழட்டி வுட்டிருந்தா போதும், பத்து நம்பர் ஸ்பேனர் ஒண்ணு.

"செல்ஃப் அடிச்சு அடிச்சுத்தான் மாமா எறங்குது, நாங்க கிட்டக் கிட்டப் போறோம்"னு சொன்னீங்க. பாதி சரி. செல்ஃப் அடிக்கிறப்போ 200 ஆம்பியர் போகும், ஆனா ரெண்டு நொடிதான். ஏ.எச்.ல கணக்குப் போட்டா 0.11. அதைத் திருப்பறதுக்கு ஒண்ணு ரெண்டு நிமிசம் ஓட்டினாலே ஆச்சு. கொலைகாரன் அது இல்ல. ஈயப் பேட்டரி முக்கால் வரைக்கும் மடமடன்னு ஏறும், கடைசி கால் பங்கு மணிக்கணக்கா இழுக்கும். நீங்க ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து செம்பாக்கத்துக்குத் தயிர் வாங்கப் போயிட்டு வர்றதுல அது ஒருநாளும் ரொம்பறதே இல்ல. பாதியிலேயே கெடந்தா தகடு மேல சல்ஃபேட்டு இறுகிப் படியும். அதான் தூரு. தூர் ஏறின ஏரியில எவ்ளோ மழை பேஞ்சாலும் கொள்ளாது. பல்லாவரம் பெரிய ஏரியில குப்பையையும் கொட்டி, நடுவால துரைப்பாக்கம் ரோட்டையும் போட்டுட்டு, இப்ப அங்க நின்னு "தண்ணி ஏன் நிக்கலை"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க. நீங்க அவங்க கட்சி.

அதனால முதல் செலவு பேட்டரி இல்ல மாப்பிள்ளே, ஒயரிங்கு. கேமராவுக்கு ஒரு கட்-ஆஃப் கிட்டு விக்கிறான், பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு எறங்கினா தானா அறுத்துடும். 12.2ன்னா பாதி காலி. நெறைஞ்ச பேட்டரி ராத்திரி முழுக்க சும்மா நின்னு காலையில 12.6 காட்டணும். 12.4ன்னா முக்கால். 12க்குக் கீழ பாத்தீங்கன்னா தேங்கா ஒடச்சுக்க வேண்டியதுதான். இஞ்சின் ஓடறப்போ 13.8க்கும் 14.4க்கும் நடுவுல இருந்தா டைனமோ நல்லாயிருக்குது. 13க்குக் கீழயே நிக்குதுன்னா நீங்க பத்து பேட்டரி வாங்கினாலும் பத்தும் சாகும். சில புது வண்டியில கம்ப்யூட்டரே பெட்ரோலை மிச்சம் புடிக்க டைனமோவைக் கொறைச்சுக் கொறைச்சு வைக்கும், அதை ரிப்பேர்னு சொல்லி உங்க தலையில ஒரு டைனமோவைக் கட்டிடுவானுங்க. லைட்டு, காத்தாடி எல்லாம் போட்டுட்டு அளக்கச் சொல்லுங்க. ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் இருக்கணும். உங்க கடைக்காரன் அதை டிக்கியில வெச்சிருக்கான். நடுவுல ஒயர் எங்கயாவது தேஞ்சு பாடியில பட்டா அந்த ஃப்யூஸ் டிக்கியில உக்காந்து வேடிக்கை பாக்கும். ஊதா லைட்டை சாவி போட்டா மட்டும் எரியற லைன்ல மாத்தணும். கழட்டி வீசினா இன்னும் நல்லது.

சரி, இவ்ளோவும் பண்ணியாச்சு, பேட்டரியும் மூணு வருஷத்துப் பழசு, டெஸ்டர்ல வெச்சா தேறலை. வாங்கித்தான் ஆகணும். நம்ம ஊர் வெயில்ல மூணு வருஷம் இருந்ததே நல்ல சாவுதான். 2003 மே 31ல மெட்ராசுல 45 டிகிரி அடிச்சுச்சு, ஞாபகம் இருக்குதா, நீங்க அப்ப டிராயர் போட்டுக்கினு இருந்திருப்பீங்க. வெளிய 40ன்னாலே பானெட்டுக்குள்ள 60க்கு மேல. பத்து டிகிரி ஏறினா பேட்டரி ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது பெரிசாப் பொய் இல்ல. அதனால கடைக்காரர் "சார், இதுல கோல்டு கிராங்கிங் ஜாஸ்தி"ன்னு சொன்னா ரொம்ப மயங்காதீங்க. அது மைனஸ் 18 டிகிரி குளுருல அரை நிமிசம் எவ்ளோ ஆம்பியர் குடுக்கும்னு பாக்கிற கணக்கு. ஊட்டியிலகூட அவ்ளோ குளுரு இல்ல. ஆனா அந்த நம்பரைக் குறிச்சு வெச்சுக்குங்க, வருஷா வருஷம் டெஸ்டர்ல வெச்சா அது எவ்ளோ எறங்கிச்சுன்னு பாத்து ஆயுசு சொல்லலாம். பழைய பேட்டரி மேல கறுப்பா ஒரு உறை போட்டிருக்கும், இஞ்சின் சூடு அண்டாம இருக்க. மெக்கானிக்குப் பையன் அதைக் குப்பையில போடுவான். எடுத்துப் புதுசுக்கு மாட்டச் சொல்லுங்க.

அளவு. உங்க பேட்டரி மேல 38பி20எல்னு எழுதியிருக்குது. ஜப்பான்காரன் கணக்கு. 38 அதோட தெம்பு, பி அகலம் ஒசரம், 20 நீளம் சென்டிமீட்டர்ல, எல்லுங்கிறது பிளஸ்ஸு எந்தப் பக்கம்னு. எல்லுக்கு பதிலா ஆர் வாங்கினா ஒயர் எட்டாது. எட்டாத ஒயரை இழுத்துக் கட்டுவான், இல்லைன்னா மாத்தி மாட்டுவான். மாத்தி மாட்டினா டைனமோ டயோடும் உங்க சினிமாக் கொட்டாயும் சேந்து புகையும். பெரிசு வேணும்னு ஆசையா இருக்கிறீங்க, ஒரு படி ஏறலாம், நான் தடுக்கலை. 46பி24எல், 45 ஏ.எச். அது நாலு சென்டிமீட்டர் நீளம். தட்டுல உக்காருதா, மேல புடிக்கிற கிளாம்ப் மாட்டுதான்னு பாக்கணும். கிளாம்ப் இல்லாத பேட்டரியை அகரம்தென் பக்கம் பள்ளம் மேட்டுல ஒரு வாரம் ஓட்டினீங்கன்னா உள்ள தகடு உதிர்ந்துடும். டெர்மினல்லயும் தடிசு, சின்னதுன்னு ரெண்டு இருக்குது, உங்களுது எதுன்னு பாத்துக்குங்க. சின்னதுல தடிச்ச கிளிப்பை மாட்டி நடுவுல சோடா மூடியைச் சொருகற வித்தையை நான் டாக்சி ஸ்டாண்டுல பண்ணியிருக்கேன், அதை நீங்க பண்ண வேணாம்.

அந்த 45 ஏ.எச்.சால ஒரு நல்லது உண்டு, பூட்டி வெச்சா ஒரு நாள் கூடுதலாத் தாங்கும். வேற இன்னாத்துக்கும் அது மருந்து இல்ல. நீங்க எடுத்ததை டைனமோ திருப்பிக் குடுத்தாகணும், பேட்டரி பெரிசோ சின்னதோ.

ஏ.எச்.சைவிட முக்கியமா நீங்க கேக்க வேண்டியது வேற. உங்க வண்டி சிக்னல்ல தானா நின்னு, கிளச்சை மிதிச்சா தானா கெளம்பற ஜாதியா? மாருதிக்காரன் 2015ல சியாஸ்ல எஸ்.எச்.வி.எஸ்.னு கொண்டாந்தான், அப்பால நெறைய வண்டியில வந்துடுச்சு. அந்த ஜாதிக்கு இ.எஃப்.பி. இல்லைன்னா ஏ.ஜி.எம். பேட்டரிதான். ஒரு நாளைக்கு நாப்பது தடவை செல்ஃப் எடுக்கிறதுக்குன்னு செஞ்சது. வெலை ஜாஸ்தின்னு சாதாரணத்தைப் போட்டா ஒரு வருஷம்கூட ஓடாம சுருண்டுடும். உங்க கம்பெனி இ.எஃப்.பி. வெச்சிருந்தா இ.எஃப்.பி.யே வாங்குங்க, மேல ஏறி ஏ.ஜி.எம். போகலாம், கீழ எறங்கக் கூடாது. ஆனா சாதாரணம் வெச்ச வண்டியில ஜம்பத்துக்கு ஏ.ஜி.எம். வாங்கி இஞ்சின் பக்கத்துல வேக வைக்காதீங்க. அதுக்குச் சூடு ஆகாது. பெரிய கார்க்காரனுங்க பல பேரு அதை டிக்கியில கொண்டுபோய் வெச்சது சும்மா இல்ல.

மைனஸ் டெர்மினல்ல குட்டியா ஒரு சென்சார் ஒட்டிக்கினு இருந்தா, ஆம்ப்ளிஃபயர் எர்த்தை பேட்டரி மேல நேரா மாட்டக் கூடாது, பாடியில மாட்டணும். இல்லைன்னா உங்க பாட்டுச் செலவு சென்சார் கண்ணுக்கே தெரியாது, பேட்டரி நெறைஞ்சிருக்குதுன்னு அது நெனச்சுக்கும். உங்க மேல் மாடிக்காரர் பி.எம்.டபிள்யூ வெச்சிருக்காரே, இதோ செங்கல்பட்டுக்கு இந்தாண்ட மகிந்திரா சிட்டியிலேயே 2007லேர்ந்து பூட்டற வண்டிதான் அது, அதுல பேட்டரியை மாத்தினா வண்டிக் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும். பண்ணலைன்னா பழைய கெழட்டுப் பேட்டரின்னு நெனச்சு அதுக்குச் சார்ஜ் ஏத்திக்கினே இருக்கும். அவரு உங்களைப் பாத்து "ரோட்டுக்கடையில மாத்திட்டேன்"னு சொன்னாருன்னா நமுட்டுச் சிரிப்பு சிரிச்சுட்டு வந்துடுங்க. அந்த எலக்ட்ரிக் கார் வாங்கின உங்க ஆபீஸ்காரருக்கும் இதே 12 வோல்ட்டுதான். அடியில அத்தனை பெரிய பேட்டரி இருந்தும், முன்னாடி இருக்கிற இந்தச் சின்னது எறங்கிட்டா வண்டி கண்ணே தொறக்காது. லாரி மேல ஏறித்தான் சர்வீஸுக்குப் போகும்.

எந்தக் கம்பெனின்னு கேப்பீங்க. எக்ஸைடுக்கு ஓசூர்ல பாக்டரி, அமரான் திருப்பதிக்குப் பக்கத்துல கரகம்பாடியிலேர்ந்து வருது. திருப்பதியிலேர்ந்து வர்றதுன்னு சொன்னா உங்க மாமியார் அதைக் கண்ணுல ஒத்திக்குவா, அதுக்கு மேல எனக்கு அபிப்பிராயம் இல்ல. கம்பெனியைவிட தேதி முக்கியம். பேட்டரி மேல தயாரிச்ச மாசம் குத்தியிருக்கும், கடைக்காரரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மூணு மாசத்துக்குள்ள இருந்தா எடுங்க. தேதி சொல்லத் தயங்கினா "மாமாவைக் கேட்டுட்டு வர்றேன்"னு எறங்கிடுங்க. நல்ல தேதியா இருந்தாலும் அங்கயே மீட்டர் வெச்சு 12.5க்கு மேல இருக்குதான்னு பாருங்க. பச்சைக் கண்ணு தெரியுது, நல்லா இருக்குதுன்னு காட்டுவாரு. உள்ள ஆறு செல்லு, அந்தக் கண்ணு பாக்கிறது ஒரே ஒரு செல்லை. மத்த அஞ்சுக்கும் யாரு ஜாமீன்?

வாரண்டியில நாப்பத்தெட்டு மாசம்னு பெரிசா எழுதியிருக்கும். கீழ சின்னதா 24 பிளஸ் 24. முதல் 24ல செத்தா புதுசு சும்மா. ரெண்டாவது 24ல செத்தா எம்.ஆர்.பி.யில இத்தனை சதவீதம் தள்ளுபடி. ஒரு கணக்குக்கு எம்.ஆர்.பி. 5000, கடையில எல்லாருக்கும் 4000க்குக் குடுக்கிறான்னு வெச்சுக்குங்க. முப்பதாம் மாசம் உங்களுக்கு முப்பது சதவீதம்னா 3500. பழைய பேட்டரியையும் அவனே எடுத்துக்குவான். வெறும் ஆளா உள்ள போய் பழசைப் போட்டுட்டு வாங்கினவனுக்கும் கிட்டத்தட்ட அதே வெலைதான் ஆகியிருக்கும். அதனால ரெண்டாவது 24ஐ மறந்துட்டு முதல் நம்பரை மட்டும் பாத்து வாங்குங்க. கார்டுல சீலும் தேதியும் போடச் சொல்லி வாங்குங்க. அதுல கூடுதலா எலக்ட்ரிக் சாமான் மாட்டினா பொறுப்பில்லைன்னு ஒரு வரி இருக்குதான்னும் பாருங்க, இருந்தா அது உங்களைப் பாத்துத்தான் எழுதினது. பில்லுல வரி 18 சதவீதம் போட்டிருக்கணும், 2025 செப்டம்பர் 22லேர்ந்து 28 இல்ல.

பழசை நீங்க வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்து "மாமா டிராக்டருக்கு ஆகுமா"ன்னு கேக்க வேணாம். உள்ள இருக்கிறது ஈயம், எடைக்குக் காசு. விக்கிறவரே பழசைத் திருப்பி வாங்கிக்கணும்னு 2001லேயே சட்டம் போட்டாங்க, 2022ல புதுசா மாத்தி எழுதினாங்க. தெருவுல வர்ற பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீங்க. அவன் ஆசிட்டை எங்க ஊத்துவான்? ஏதாவது ஏரிக்கரையிலதான்.

மாட்டறப்போ நீங்க பக்கத்துலயே நில்லுங்க, போனைப் பாக்காம. கழட்டறப்போ மைனஸ் முதல்ல, மாட்டறப்போ மைனஸ் கடைசியில. பிளஸ்ஸை முதல்ல தொட்ட ஸ்பேனர் பாடியில பட்டா தீபாவளி. கிளிப்புல வெள்ளையா பூத்திருந்தா வெந்நியில ஆப்பசோடா கலந்து ஊத்தித் தேய்ச்சு, தொடைச்சு, மாட்டினதுக்கப்பால கொஞ்சம் வாசலின். முன்ன எல்லாம் நாங்க மாசத்துக்கு ஒருதடவை மூடியைத் தொறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவோம். இப்ப வர்றதுல பாதிக்கு மூடியே இல்ல. மூடி இருக்கிறது வாங்கினீங்கன்னா கேன் தண்ணியும் ஊத்தாதீங்க, ஏசி சொட்டற தண்ணியும் ஊத்தாதீங்க, லாரித் தண்ணியை நெனச்சும் பாக்காதீங்க. மாத்தின அன்னிக்கு கண்ணாடி பட்டன் ஒரே அழுத்துல மேல ஏறாது, கடிகாரம் 12ல நிக்கும். பயப்படாதீங்க, கத்துக் குடுத்தா திரும்பக் கத்துக்கும்.

சனிக்கெழமை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வாங்க, பையனை ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். முதல்ல ஒயரிங்கு, அப்பால பேட்டரி. ஆங், கணக்குல வராத 0.05ன்னு சொன்னேனே. ஸ்டியரிங்குக்குக் கீழ, ஃப்யூஸ் பொட்டிக்குப் பின்னாடி, தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பா ஒண்ணு இருக்கும், சேப்பா மினுக்கும். பையன் அதைக் கண்டான்னா கழட்டத்தான் பாப்பான், கழட்ட வுடாதீங்க. அதுல சிம் கார்டு இருக்குது, வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லும். அது நீங்க மாட்டினது இல்ல மாப்பிள்ளே, எம் பொண்ணு மாட்டினது.